களிமண் கலையாகும் கதை

"தலையில் என்ன களிமண்ணா இருக்கிறது?" என்று கணக்கில் தவறும்போது எங்களுக்குத் திட்டு விழுவதுண்டு. களிமண் என்றால் ஒன்றுக்கும் உதவாதது என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். கைவேலை வகுப்பில் ஒரு நாள் எங்கள் ஊர்க் குயவர் வீட்டுக்குச் சென்று சக்கரத்தில் கை வைத்த பிறகுதான் அந்த எண்ணம் மாறியது. அவர் கையில் நொடியில் எழுந்த சட்டி, எங்கள் கையில் சரிந்து சரிந்து விழுந்தது. முந்தின வாரம் அவரிடமே சட்டிக்குப் பேரம் பேசியதை எண்ணி வெட்கப்பட்டோம். அன்று அவரிடம் கேட்டதையும் பிறகு படித்தறிந்ததையும் தோழியருக்கு இங்கே சொல்கிறோம்.

வனைதலில் முதல் வேலை மண்ணைப் பிசைவது. உள்ளே கல்லோ காற்றுக் குமிழோ இருந்தால் வனையும்போது கை இடறும். அடுத்தது உருண்டையைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்துவது. சுழலும் மண் வெளியே விலகப் பார்க்கும். நடுவில் இருந்தால் எல்லாப் பக்கமும் சமமாக விலகும். ஒரு விரற்கடை தள்ளியிருந்தாலும் பாத்திரம் ஆட்டங் காணும். நாங்கள் தோற்றது இங்கேதான். நடுவில் நின்ற பின், கட்டைவிரலால் குழித்து, உள்ளே ஒரு கையும் வெளியே ஒரு கையும் கொடுத்து மெல்ல உயர்த்தினால் சுவர் எழும்.

வனைந்ததை நிழலில் உலர்த்திச் சூளையில் சுடுகிறார்கள். மண்பானை தண்ணீரைக் குளிர்விக்கக் காரணம், அதன் நுண்துளைகளில் நீர் கசிந்து ஆவியாவதே. அதில் ஊறுகாய் போட்டால் எண்ணெயும் உப்புநீரும் கசிந்துவிடும். அதனால்தான் பாட்டி ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடியை எடுக்கிறார். ஜாடியின் மேல் பளபளப்பது ஒரு வகைக் கண்ணாடியே. மணலிலுள்ள சிலிக்கா தனியே உருக ஏறக்குறைய 1700 டிகிரி செல்சியசு வெப்பம் வேண்டும். சுண்ணாம்பு, மரச்சாம்பல் போன்றவை கலந்தால் 1250 டிகிரி அளவிலேயே உருகிவிடும். சிறிது களிமண்ணும் சேர்ப்பதால் வழிந்தோடாமல் ஒட்டி நிற்கும். தாமிர ஆக்சைடு பச்சை நிறத்தையும், கோபால்ட் ஆக்சைடு நீல நிறத்தையும் தரும்.

இக்கலையில் உலகப் புகழ் பெற்ற பெண்மணி லூசி ரீ. 1902-இல் வியன்னா நகரில் ஒரு மருத்துவரின் மகளாகப் பிறந்தவர். கலைப்பள்ளியில் சேர்ந்த இடத்தில் குயவர் சக்கரத்தைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்தார். 1937-இல் பாரிசுக் கண்காட்சியில் பதக்கமும் பெற்றார். அடுத்த ஆண்டே ஆஸ்திரியா ஹிட்லரின் வசமாயிற்று. யூதக் குடும்பத்தில் பிறந்த அவர் தம் 36-ஆம் வயதில் அகதியாக லண்டன் சென்றார். அங்கே அவரை அறிந்தவர் சிலரே. போர்க்காலத்தில் பிழைப்புக்காக உடைகளுக்குப் பீங்கான் பொத்தான்கள் செய்தார். துணியின் நிறத்துக்குப் பொத்தானின் நிறம் பொருந்த வேண்டும். அந்தச் சிறு வேலையே அவருக்குப் பூச்சுகளின் இரகசியங்களைக் கற்றுத் தந்தது.

புகழ்பெற்ற ஆங்கிலக் கலைஞர் பெர்னார்ட் லீச், இவருடைய பாத்திரங்கள் மிக மெல்லியவை என்று குறை சொன்னார். லூசியும் சில காலம் தடித்த பாத்திரங்கள் செய்து பார்த்தார். அவை அவருடையவையாக இல்லை. 1946-இல் அவரிடம் வேலைக்கு வந்த ஹான்ஸ் கோப்பர் என்ற இளைஞர், தம் வழியிலேயே செல்லும்படி அவரைத் தூண்டினார். அவரும் ஓர் அகதி. அதுவரை மண்ணைத் தொட்டறியாதவர். பின்னாளில் அவரும் பெருங்கலைஞரானார். லூசி மறுபடியும் மெல்லிய கிண்ணங்களையே வனைந்தார். பச்சை மண்மீதே தூரிகையால் பூச்சிட்டு, மின்சூளையில் ஒரே முறை சுடுவது அவர் வழக்கம். பூச்சில் குமிழ் வருவதைப் பிறர் குறையென்பர். அவரோ வேண்டுமென்றே குமிழ் வரச் செய்து, அதையே அழகாக்கினார். லீச்சும் அவருக்கு நல்ல நண்பரானார். 1991-இல் பிரிட்டன் அவருக்கு 'டேம்' பட்டம் அளித்தது. 1995-இல் அவர் மறைந்தார். அவருடைய வேலைக்கூடம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

சொல்வதைக் கேட்டுக் கற்பது ஒரு பாடம். கற்றபின் தன் கையை நம்புவது இன்னொரு பாடம். இரண்டாவது பாடம் எங்கள் புத்தகத்தில் இல்லை. நாங்கள் மறுபடியும் குயவர் வீட்டுக்குப் போனோம். ஐந்து உருண்டைகள் சரிந்தபின் ஒரு கிண்ணம் நின்றது. வாய் கோணல்தான், ஆனாலும் நின்றது. அன்று சட்டிக்கு அவர் சொன்ன விலையைப் பேரமின்றிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

இனி யாராவது எங்கள் தலையில் களிமண் என்றால் வருந்தமாட்டோம். நல்ல களிமண் கிடைப்பது அவ்வளவு எளிதா, தோழியரே?