மஞ்சளும் தோற்புற்றும்

காஞ்சிமாநகருக்கு அணித்தாயுள்ள ஐயம்பேட்டையில், தறியொலி கேட்கும் வீதிகளிலே, மஞ்சள் இல்லாத இல்லத்தைக் காண்டல் அரிது. தறிக்கு இட்டு வணங்குவது மஞ்சள். குழம்பிற் சேர்வது மஞ்சள். சிராய்ப்புக்கு அரைத்துப் பூசுவதும் மஞ்சளே. இம்மஞ்சள் தோலிலுண்டாகும் புற்றுநோயைத் தடுக்கும் என்று பலர் கூறக் கேட்கின்றோம். இக்கூற்றில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை ஈண்டு ஆராய்வோம்.

புகைபோக்கிகளைத் துப்புரவு செய்வோர்க்கு வரும் தோற்புற்றுக்குப் புகைக்கரியே காரணமென்று 1775-ஆம் ஆண்டில் பெர்சிவல் பாட் என்னும் இலண்டன் வைத்தியர் எழுதினார். பின்னர் 1915-இல், ஜப்பானியரான யமகிவா, இச்சிகாவா என்னும் இருவர் முயலின் காதில் நிலக்கரித் தாரைப் பன்முறை தடவிப் புற்றை உண்டாக்கிக் காட்டினர். அது முதல் விலங்குகளைக்கொண்டு இந்நோயை ஆராயும் வழி திறந்தது.

தோற்புற்று ஒரே படியில் தோன்றுவதன்று. முதலாவதாக ஒரு நச்சுப்பொருள் உயிரணுவின் உள்ளமைப்பைக் கெடுக்கின்றது. இது வித்திடுதலை ஒக்கும். அடுத்து, வேறொரு பொருள் தோலை இடைவிடாது உறுத்தி, அக்கெட்ட அணுக்களைப் பெருகச் செய்கின்றது. இது நீர் பாய்ச்சுதலை ஒக்கும். இவ்விரண்டாம் வினையைச் செய்வதாக 1941-இல் பெரென்பிளம் என்பார் ஆராய்ந்து காட்டிய பொருள் யாது? நம் நாட்டு வைத்தியர் பேதிக்குக் கொடுத்துவந்த நேர்வாளத்தின் பிசினே! ஆதலின், தாவரத்தினின்று வந்தது தீங்கு செய்யாது என்னும் எண்ணம் பொருந்தாமை காண்க.

இனி மஞ்சளுக்கு வருவோம். அதற்கு நிறத்தைத் தருவது குர்குமின் என்னும் பொருள். 1988-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், சுண்டெலிகளின் தோலில் முதலில் வித்திடும் நஞ்சைப் பூசினர். பின்னர் நேர்வாளத்திற் காணப்படும் வீரியப்பொருளை வாரம் இருமுறையாக 20 வாரம் பூசினர். அதனுடன் குர்குமினையும் சேர்த்துப் பூசிய எலிகளிற் கட்டிகளின் தொகை குறைந்தது. குர்குமினின் அளவு ஏற ஏற, அக்குறைவு நூற்றுக்கு 39, 77, 98 என உயர்ந்தது. தோலின் அழற்சி தணிந்ததும், அணுக்களைப் பெருக்கும் ஒரு நொதியின் செயல் தடைப்பட்டதும் இதற்குக் காரணமாகக் காட்டப்பட்டன. பம்பாயிலும் எலிகளின் உணவில் மஞ்சளைச் சேர்த்து ஆராய்ந்து, தோற்கட்டிகள் குறைந்தமையை 1992-இல் வெளியிட்டனர்.

இவை மெய்யான முடிபுகளே. ஆயினும் மூன்று வேறுபாடுகளை மறத்தலாகாது. எலி வேறு, மனிதர் வேறு. ஆராய்ச்சிசாலையில் அளந்து பூசிய குர்குமின் வேறு, அம்மியில் அரைத்த மஞ்சள் வேறு; மஞ்சளிற் குர்குமின் சிறு பங்கே உளது, உண்டாலும் அதிற் பெரும்பகுதி குருதியிற் சேராது கழிகின்றது. எல்லாவற்றினும் மேலாக, வருமுன் தடுத்தல் வேறு, வந்தபின் தீர்த்தல் வேறு. அவ்வெலிகளுக்குக் கட்டி தோன்றுமுன்னரே குர்குமின் பூசப்பட்டது. தோன்றிய புற்றை மஞ்சட் பூச்சுத் தீர்க்கும் என்பதற்கு இவ்வாராய்ச்சிகள் சான்றாகா.

இவ்வேறுபாட்டை அறியாமையால் விளையும் கேடு பெரிது. வாரங்கள் பல சென்றும் ஆறாத புண், வளர்ந்து நிறம் மாறும் மச்சம், தொட்டாற் குருதி கசியும் தடிப்பு ஆகியவற்றின்மேல் மஞ்சளை அப்பிக் காத்திருப்போர், நோய் எளிதில் நீங்கும் காலத்தை இழந்துவிடுகின்றனர். தோற்புற்றிற் பெரும்பாலானவை தொடக்கத்திற் கண்டு அறுத்து நீக்கினாற் குணமாவன. காஞ்சியை அடுத்த காரப்பேட்டையிலேயே 1969-இல் தோன்றிய அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரின் முயற்சியால் 1954-இல் எழுந்த நிலையமும் உண்டு.

நம் முன்னோர் போற்றிய பொருளை ஆராய்ச்சியாளரும் மதித்து ஆராய்வது நமக்கு மகிழ்ச்சியே. மஞ்சளை அடுக்களையிலும் மங்கல வினைகளிலும் வழக்கம்போல் போற்றுவோமாக. ஆறாத புண்ணையோ காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுவோமாக.