பாலாறு போன வழி – 17: முகத்துவாரத்தில் தூண்டில்

போன வாரம் ராணிப்பேட்டையில், குரோமியக் கழிவு மேட்டருகே நிறுத்தியிருந்தேன். படித்துவிட்டு ஆம்பூர் நண்பர் ஒருவர் போனில் பிடித்துக்கொண்டார். ஷூ கம்பெனியில் தோலை விரித்துத் தரம் பிரிக்கிறவர். "வாரா வாரம் நாத்தம், நுரை, கோர்ட்டு. படிக்கிறவனுக்கு மூச்சு முட்டுது சார். இந்த ஆத்துல ஒரு நாளு சந்தோஷமா போயிட்டு வர்ற மாதிரி இடமே இல்லியா?"

இருக்கிறது. ஆறு முடிகிற இடத்துக்குப் போக வேண்டும், அதுவும் மாசியில் போக வேண்டும்.

பாலாற்றின் நீளம் 348 கிலோமீட்டர். கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, மீதி 222 நம்முடையது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை என்று எங்கள் தோல் ஊர்களையெல்லாம் தொட்டுக்கொண்டு, காஞ்சிபுரத்தையும் செங்கல்பட்டையும் கடந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகே கடலில் சேர்கிறது. சேர வேண்டும் என்பதுதான் சரி. சேர்கிற வருஷமும் உண்டு, சேராத வருஷமும் உண்டு. எங்கள் பக்கத்தில் கடல் என்றால் மெரினாதான். ரயிலேறிப் போய்க் காலை நனைத்து, சுண்டல் தின்று, ராத்திரி வண்டியில் திரும்பிவிடுவோம். வாசலில் கிடக்கும் ஆற்றின் கடைசியைப் பார்த்தவர்கள் எங்களில் குறைவு. இத்தனைக்கும் வேலூரிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் போகக் காரில் மூன்று மணி நேரம், கொஞ்சம் முன்பின் ஆகலாம்.

மாசிக்குக் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழை முடிந்து வாடைக் காற்றின் முறுக்கும் தளர்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கரையை ஒட்டி வடக்கிலிருந்து தெற்கே ஓடும் கடல் நீரோட்டம், மாசிவாக்கில் திசை மாறித் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். சென்னைப் பக்கத்து மீனவர்கள் இதைத் தெண்டி என்பார்கள். மழைக்காலக் கலங்கல் வடிந்து தண்ணீர் தெளிகிறது. வெயிலும் இன்னும் மண்டையைப் பிளக்கும் பதத்துக்கு வரவில்லை. ஏப்ரல் 15 ஆனால் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கிவிடும், ஜூன் 14 வரை 61 நாள். 2017க்கு முன்பு 45 நாளாக இருந்தது. கரையில் நின்று தூண்டில் போடுகிறவனை அந்தத் தடை ஒன்றும் செய்யாது, சித்திரை வெயில்தான் செய்யும்.

மாசிக் கடலை நம்பியவர்களில் கப்பற்படைகளும் உண்டு. 1782 பிப்ரவரி 17 அன்று இதே சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் பீரங்கியால் மோதிக்கொண்டார்கள். யாரும் தீர்மானமாக ஜெயிக்கவில்லை. கரையில் டச்சுக்காரர் கோட்டை இன்னும் நிற்கிறது. பார்க்க அரை மணி நேரம் போதும்.

எங்கள் பக்கத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். இப்போது சில வருஷங்களாக நோன்பு மாதம் மாசி, பங்குனியில் வருகிறது. நோன்புக்கு முன்னால் ஒரு ஞாயிறு, இல்லாவிட்டால் பெருநாள் கழிந்த பிறகு. நாங்கள் நோன்புக்கு முன்னாலேயே போய்விட்டோம்.

முகத்துவாரத்தில் "கைடு" என்று பலகை மாட்டிக்கொண்டவர் யாரும் இல்லை. டீக்கடையில் விசாரித்தால், கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட ஒரு பெரியவரைக் கைகாட்டினார்கள். நண்பர் எடுத்த எடுப்பில், "அண்ணா, ஃபைபர் போட்டுல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அது வலைக்குப் போற போட்டு சார். ஆளு ஏத்தறதுக்கு இல்ல. கவுந்தா யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதுதான் சரி. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உயிர்காப்பு மிதவை அங்கி இல்லாமல், மீன்பிடிப் படகில் கூட்டம் கூட்டமாக ஏறுகிற பழக்கம் அதற்குப் பிறகும் முழுதாகப் போய்விடவில்லை. நூறு ரூபாய் குறைத்துக் கேட்டு ஏறுகிறவர்கள் அங்கி எங்கே என்று கேட்பதில்லை. படகில்தான் போவேன் என்று குழந்தைகள் அடம் பிடித்தால் முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இருக்கிறது. இன்னும் தெற்கே போனால் பிச்சாவரம். ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது, காசில் ஒரு பங்கு ஊருக்குள்ளேயே தங்குகிறது.

ஆகவே நாங்கள் நடந்தோம். ஆறு கடலைச் சேரும் இடத்தை மணல் திட்டு அடைத்திருந்தது. உள்பக்கம் தேங்கிய உப்பங்கழி, வெளிப்பக்கம் அலை. பெரியவர் நரம்பையும் ஈயக்குண்டையும் வெளியே எடுக்கவே இல்லை. வெகு நேரம் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நண்பருக்குப் பொறுக்கவில்லை. "போடலாமாண்ணா?"

"எங்க போடுவ?"

நண்பர் கையை நீட்டிப் பொதுவாகக் கடலைக் காட்டினார்.

பிறகுதான் பாடம் ஆரம்பித்தது. அலை வரிசையாக உடைந்து வரும்போது ஓர் இடத்தில் மட்டும் உடையாமல் வழுக்கிக்கொண்டு வருகிறதே, அங்கே ஆழம், மணலில் வாய்க்கால் விழுந்திருக்கிறது. கிழங்கான் அந்த வாய்க்காலின் ஓரத்தில்தான் மேயும். தூரத்தில் ஆலாப் பறவைகள் தலைகுப்புற விழுந்து எழுந்தால் கீழே பொடிமீன் கூட்டம் இருக்கிறது. பொடிமீன் இருந்தால் அதைத் துரத்திப் பாறையோ சீலாவோ வந்திருக்கும். கழியில் மடவை துள்ளுவதைப் பார்த்து ஆசைப்படக் கூடாது, அது தூண்டிலுக்கு லேசில் வாய் வைக்காது. அது ஏன் துள்ளுகிறது, அதன் கீழே எது துரத்துகிறது என்றுதான் பார்க்க வேண்டும். கல், தூண், நிழல் இருக்கும் இடத்தில் கொடுவா. இந்தக் கரையில் பௌர்ணமி, அமாவாசைக்குக்கூட ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அதனால் ஓதத்தை விட நீரோட்டத்தையும் காற்றையும் பார்த்துத்தான் இவர்கள் முடிவெடுக்கிறார்கள்.

கொடுவாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், அது அப்படிப்பட்ட மீன். ஆற்றிலும் கழியிலும் வளரும், முட்டையிட உப்புத் தண்ணீரைத் தேடி முகத்துவாரத்துக்கு வரும். ஆணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்குகிறது. சில வருஷம் கழித்து, மூன்று நான்கு கிலோ தாண்டும்போது பெண்ணாக மாறுகிறது. ஆகப் பெரிய கொடுவா என்றால் அநேகமாகத் தாய் மீன். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் இதைத் தொட்டியில் வைத்தே இனப்பெருக்கம் செய்ய வைத்தது. முட்டுக்காட்டில் அவர்களுடைய பரிசோதனைக் கூடம் இருக்கிறது. வெளிநாட்டில் தூண்டில்காரர்கள் பெரிய மீனைப் பிடித்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, தண்ணீரிலேயே திரும்ப விட்டுவிடுவார்கள். இதை நண்பரிடம் சொன்னேன். "கொடுவாவையா? திரும்ப விடறதா?" என்று கேட்டவர் அன்று முழுக்க என்னைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

சென்னை மாகாணத்தில் தூண்டிலை ஒரு கலையாக எழுதி வைத்தவர் ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற சிவில் சர்வீஸ் அதிகாரி. 1873இல் இந்தியத் தூண்டிலைப் பற்றி ஒரு புத்தகம், 1887இல் ஏரிகளில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக ஒன்று. துரைக்கு முன்னால் இடத்தைக் காட்டிக்கொண்டு நடந்த உள்ளூர்க்காரர்களுக்கு அந்த நாளில் என்ன கூலி கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். பெரிதாக இருந்திருக்காது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இந்த வேலைக்குத் தனி மரியாதை. குளிர் விட்டதும், நம் மாசி பங்குனியில், கரையோரக் கழிகளில் மீன் பிடிக்க ஊர் ஊராக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். கூட்டிக்கொண்டு போகிறவருக்குக் கடலோரக் காவற்படை தரும் உரிமம் வேண்டும். அந்தச் சிறு உரிமத்தில் ஆறு பேருக்கு மேல் ஏற்ற முடியாது. அரை நாளுக்குச் சில நூறு டாலர். அவர்கள் தேடிப் போகும் ஸ்னூக் என்ற மீனும் கொடுவாவைப் போலத்தான், ஆணாகப் பிறந்து பெண்ணாகிறது. மீன் விழுந்தாலும் விழாவிட்டாலும் கட்டணம் கட்டணம்தான். இடத்தையும் நேரத்தையும் தெரிந்த கண்ணுக்கு அந்தக் காசு.

அந்த ஃபுளோரிடாவுக்கு வழிகாட்டிகளாக நம் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்தே இருவர் போயிருக்கிறார்கள் என்பது இங்கே எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 2017இல் வடிவேல் கோபாலும் மாசி சடையனும், இருளர் இனத்தவர்கள், அங்கே சதுப்பு நிலத்தில் பெருகிப்போன பர்மா மலைப்பாம்புகளைத் தடம் பார்த்துப் பிடிக்க அழைக்கப்பட்டார்கள். நாய்களையும் கருவிகளையும் வைத்துக்கொண்டு திணறியவர்களுக்கு இவர்களுடைய கண் தேவைப்பட்டது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. தோல் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முன்கதையும் இதில் இருக்கிறது. ஒரு காலத்தில் இருளர்கள் பிடித்த பாம்புகளின் தோல் வியாபாரிகள் வழியாகக் கப்பலேறிக் கைப்பையாகவும் பெல்ட்டாகவும் ஆனது. 1972இன் வனவிலங்குச் சட்டமும் அதன் பின் வந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. இப்போது விஷத்தை எடுத்துக்கொண்டு பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கரையில் மாசி என்றாலே இருளர்கள்தான். மாசி மகத்துக்கு முன்பே செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், திருவண்ணாமலை, விழுப்புரம், எங்கள் வேலூர், ராணிப்பேட்டை என்று பல திசையிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து மாமல்லபுரம் மணலில் புடவையைக் கூடாரமாகக் கட்டித் தங்குகிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்ட கன்னியம்மாவைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அழைத்துப் போக வருகிறார்கள். பௌர்ணமி விடியலில் ஈர மணலில் ஏழு படி கட்டி, பூவும் பழமும் வைத்துக் கும்பிடுகிறார்கள். கல்யாணம், காதுகுத்து, மொட்டை, பெயர் வைப்பது எல்லாம் அந்த மணலிலேயே முடிகிறது. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் இடத்திலும் வருஷம் முழுக்க முதுகொடிகிறவர்களுக்கு இதுதான் கடற்கரைப் பயணம். இதற்கு எந்தச் சுற்றுலாத் திட்டமும் தேவைப்படவில்லை. தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் கூடுதலாக வைத்தால் போதும்.

கழிகளில் அவர்கள் இறால் பிடிப்பதைப் பார்க்க வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவிக்கொண்டே போவார்கள். தூண்டில் கிடையாது, வலை கிடையாது. விரல் நுனிதான்.

எங்களுக்கு அன்று விழுந்தது கிழங்கான், கொஞ்சம்தான். ஒரு பேத்தை மீன் வந்து முள்ளைக் கடித்துத் துண்டாக்கிவிட்டு, பந்தாக உப்பிக்கொண்டு நண்பரை முறைத்தது. கொடுவா இருந்ததாகப் பெரியவர் சொன்னார். அதற்கு எங்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இல்லை.

கிளம்பும்போது காசுப் பிரச்சினை வந்தது. பெரியவர் இரைக்கான காசை மட்டும் கேட்டார். மேற்கொண்டு என்ன கொடுப்பது என்று நண்பரும் நானும் தள்ளி நின்று பேசினோம். "நாலு கிழங்கானுக்கு எவ்ளோ சார் கொடுக்கறது?" என்றார் நண்பர். நான் திருப்பிக் கேட்டேன்: "கம்பெனியில நீ தோலைத் தொட்டுப் பாத்து, இது ஒண்ணாம் தரம், இது மூணுன்னு பிரிக்கிறியே, அன்னிக்கு வந்த சரக்கு பூரா ஓட்டையா இருந்தா உனக்குச் சம்பளம் இல்லியா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், பிறகு அவரே பர்ஸை எடுத்தார். ஒரு நாள் கூலியைப் பெரியவர் சட்டைப் பையில் திணிக்க வேண்டியிருந்தது. மீனுக்கு விலை உண்டு, தெரிந்ததைச் சொல்வதற்கு என்ன விலை என்று அவருக்கே கேட்கத் தெரியவில்லை. நமக்கும் கொடுத்துப் பழக்கமில்லை. காரங்காடு மாதிரி இங்கேயும் ஒன்றை அமைத்தால், படகையும் ஜெட்டியையும் வாங்குவதற்கு முன்னால் இந்தக் கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டும் என்பேன்.

காரில் ஏறுமுன் பெரியவர் எங்கள் ஊரைக் கேட்டார். ஆம்பூர் என்றதும், "மேல தண்ணி வுட்டாத்தான் இங்க மீனு" என்றார். கழியில் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலந்தால்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் தங்கி வளரும். மேலே மணல் அள்ளி, அணை கட்டி, ஆறு வறண்டு போனால் முகத்துவாரத்தை மணல் மூடிக்கொள்கிறது. 2021 நவம்பரில் வெள்ளம் பெருகி ஆறு கடலைச் சேர்ந்ததே, அதற்கடுத்த மாசியில் கொடுவா நன்றாக விழுந்ததாம். கடல் உப்பு நிலத்தடியில் ஏறாமலிருக்க வயலூரில் கட்டிய தடுப்பணையைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயங்கள் உண்டு. கிணறு வைத்திருக்கிறவர்களின் அபிப்பிராயம் அதற்கு நேர் எதிர். இரண்டு தரப்பையும் அடுத்த வாரம் கேட்போம்.

போக நினைக்கிறவர்களுக்கு: பங்குனி பாதிக்குள் போய்விடுங்கள். விடிவதற்கு முன்பே கரையில் இருக்க வேண்டும். அணுமின் நிலையப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். குடிநீரும் தொப்பியும் கையில் இருக்கட்டும். பிரியாணிப் பொட்டலத்தின் மிச்சத்தை மணலில் போட்டுவிட்டு வராதீர்கள்.

(தொடரும்)