நோய் வந்த பிறகே அனுமதி!

மருத்துவத்துக்காக உலகிலேயே மிக அதிகமாகச் செலவிடும் நாடு அமெரிக்கா. அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அந்த நாட்டின் ஒரு சிறிய மாவட்டத்தில், எளிய ரத்தப் பரிசோதனைக்கும் இடமில்லாதிருந்த காலத்தில், எச்ஐவி ஓசையின்றிப் பரவி 200-க்கும் மேற்பட்டோரைப் பீடித்தது. பொது சுகாதாரம் என்றால் மருத்துவமனைக் கட்டடங்கள்தான் என்று எண்ணுவோருக்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது இந்த நிகழ்வைத்தான்.

இண்டியானா மாகாணத்தின் தென்பகுதியில் உள்ளது ஸ்காட் மாவட்டம். மக்கள்தொகை சுமார் 24,000. நம் ஊர்க் கணக்கில் ஒரு பேரூராட்சி அளவுதான். அமெரிக்காவில் 'கவுன்ட்டி' எனப்படும் இத்தகைய மாவட்டங்கள் மூவாயிரத்துக்கும் மேல். தேர்ந்தெடுக்கப்பட்ட சில ஆணையர்கள்தான் அவற்றின் நிர்வாகத்தை நடத்துகிறார்கள். தடுப்பூசி, தொற்றுநோய்க் கண்காணிப்பு போன்ற பணிகள் பெரும்பாலும் மாவட்டச் சுகாதாரத் துறையின் பொறுப்பு. சிறிய மாவட்டங்களில் அந்தத் துறை என்பது ஓரிரு செவிலியர்களும் ஓர் அலுவலகமும்தான்.

சுமார் 4,000 பேர் வசிக்கும் ஆஸ்டின் என்ற ஊர் அங்கேதான் இருக்கிறது. வில்லியம் குக் என்ற குடும்ப மருத்துவர் 2004-இல் அங்கு மருத்துவமனை தொடங்கினார். ஊருக்கு அவர் ஒருவர்தான் மருத்துவர். மாவட்டத் தலைநகரான ஸ்காட்ஸ்பர்க்கில் பிளான்ட் பேரன்ட்ஹுட் அமைப்பின் சிறிய மையம் ஒன்று இயங்கிவந்தது. கருக்கலைப்பு அரசியலில் அடிக்கடி அடிபடும் பெயர் அது; ஆனால், அந்த மையத்தில் கருக்கலைப்பு செய்யப்படவில்லை. மாவட்டத்தில் எச்ஐவி பரிசோதனை கிடைத்த இடம் அதுவே. அரசு நிதி சுருங்கிவந்த சூழலில் 2013-இல் அது மூடப்பட்டது. அப்போது அதைப் பெரிய செய்தியாக யாரும் கருதவில்லை.

அதே ஆண்டுகளில் 'ஓபனா' என்ற வலிநிவாரணி மாத்திரைக்கு அங்கு பலர் அடிமையாகியிருந்தனர். மாத்திரையை நொறுக்கி மூக்கால் உறிஞ்சுவதைத் தடுக்க நிறுவனம் அதை 2012-இல் எளிதில் நொறுங்காத வடிவுக்கு மாற்றியது. போதையை நாடியவர்களோ அதைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளப் பழகினர். கள்ளச் சந்தையில் விலை அதிகம் என்பதால் ஒரே மாத்திரையைப் பலர் பங்கிட்டனர். ஊசியையும் சேர்த்தே பங்கிட்டனர். ஒரு நாளில் 4 முதல் 15 முறை வரை ஊசி போட்டுக்கொண்டார்கள் என்று நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்திருக்கிறது. ஒரே வீட்டில் மூன்று தலைமுறையினர் ஒன்றாக அமர்ந்து ஊசி போட்டுக்கொண்டதும் அந்தப் பதிவில் உண்டு.

அதற்கு முன்பு ஆண்டுக்கு ஐந்து பேருக்குக்கூட எச்ஐவி கண்டறியப்படாத மாவட்டம் அது. 2015 ஜனவரியில் 11 பேர் கண்டறியப்பட்டனர். ஏப்ரலில் 135, நவம்பரில் 181. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஹெபடைடிஸ்-சி தொற்றும் இருந்தது. பெரும்பாலும் ஊசி வழியாகப் பரவும் அந்தத் தொற்றுதான் முதல் எச்சரிக்கை மணி. 2011-இலேயே அதற்குச் செவிசாய்த்துச் செயல்பட்டிருந்தால் எச்ஐவி தொற்று சுமார் பத்துப் பேரோடு நின்றிருக்கக்கூடும் என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் கணக்கிட்டனர்.

பயன்படுத்திய ஊசியை வாங்கிக்கொண்டு புதிய ஊசி தரும் திட்டம் இண்டியானாவில் அப்போது சட்டவிரோதம். கொள்கை அளவில் அதை எதிர்த்துவந்த ஆளுநர் மைக் பென்ஸ், மார்ச் 26 அன்று பொது சுகாதார அவசரநிலையை அறிவித்து, ஸ்காட் மாவட்டத்துக்கு மட்டும் 30 நாள்களுக்கு விலக்கு அளித்தார். மே மாதத்தில் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் நிபந்தனைதான் என்னை வியக்கவைக்கிறது: தன் எல்லைக்குள் ஊசி வழியாக ஹெபடைடிஸ்-சி அல்லது எச்ஐவி கொள்ளைநோயாகப் பரவியிருக்கிறது என்று அறிவித்த பிறகே ஒரு மாவட்டம் இத்திட்டத்தைத் தொடங்க முடியும். வெள்ளம் வந்த பிறகுதான் அணை போட அனுமதி!

ஆஸ்டினில் திறக்கப்பட்ட சேவை மையம் ஊசி கொடுப்பதோடு நிற்கவில்லை. எச்ஐவி பரிசோதனை, ஹெபடைடிஸ் தடுப்பூசி, போதை மீட்புச் சிகிச்சைக்கான வழிகாட்டுதல் எல்லாம் அங்கேயே கிடைத்தன. இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது, பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் அங்கே எடுத்துத் தரப்பட்டதைத்தான். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டை இண்டியானா அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் விரிவுபடுத்தியிருந்தது. ஆனால், கையில் அடையாள ஆவணம் இல்லாதவர் காப்பீட்டில் எப்படிச் சேர முடியும்? ஊரில் மருத்துவர் இருந்தும் மருந்து இருந்தும், நோயாளிக்கும் சிகிச்சைக்கும் இடையே ஒரு துண்டுக் காகிதம் குறுக்கே நின்றது.

புதிய தொற்றுகள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கின. கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டது என்ற அந்த நிம்மதியே திட்டத்துக்கு எதிரான வாதமாகவும் மாறியது. போதைக்கு அடிமையானவர் கையில் அரசே ஊசியைக் கொடுப்பதா என்ற கேள்வி எழுந்தது. குடும்பத்தில் ஒருவரைப் போதைக்குப் பலி கொடுத்தவர் அப்படிக் கேட்டால், அதை அலட்சியமாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால், ஊசி கிடைக்காததால் எவரும் போதையை விட்டதில்லை என்பதைத்தானே 2015 காட்டியது? ஓர் ஊசியின் விலை ஒரு டாலருக்கும் குறைவு. ஒரு எச்ஐவி நோயாளியின் வாழ்நாள் சிகிச்சைக்குச் சில லட்சம் டாலர் ஆகும்.

2015-இல் இண்டியானா சுகாதார ஆணையராக இருந்த ஜெரோம் ஆடம்ஸ் பின்னாளில் நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியானவர். திட்டத்தைத் தொடர வேண்டும் என்று அவரே வந்து வாதிட்டார். ஆயினும் 2021 ஜூன் மாதம் மூன்று ஆணையர்களில் இருவர் எதிராக வாக்களிக்க, திட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2016-இல் இதே ஆபத்தில் இருப்பதாகப் பட்டியலிட்ட மாவட்டங்கள் 220. 2010 முதல் 2021 வரை அமெரிக்காவில் மூடப்பட்ட ஊரக மருத்துவமனைகள் 136.

ஸ்காட் மாவட்டத்தில் தொற்றுக்கு ஆளானவர்கள் வாழ்நாள் முழுவதும் மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்; இரத்தத்தில் வைரஸின் அளவைக் குறித்த இடைவெளியில் சோதித்துக்கொள்ள வேண்டும். அளவு கட்டுக்குள் இருக்கும்வரை அவர்களிடமிருந்து பாலுறவின் மூலம் பிறருக்குத் தொற்று பரவாது. ஊசி மாற்ற வந்த இடத்தில்தான், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று பலரிடம் விசாரிக்க ஒருவர் இருந்தார்.