நினைவுச் சில்லுக்கு ஓர் அலுமினியத் தொப்பி

கணிப்பொறியில் விளையாட்டு மும்முரமாக நடக்கும் வேளையில் திரையில் வண்ணப் புள்ளிகள் சிதறுகின்றன. பிறகு படம் அப்படியே நின்றுவிடுகிறது. "கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம் சூடாகிவிட்டது, ஹீட் சிங்க் ஒட்டு" என்கிறான் நண்பன். பல் பல்லாகச் செதுக்கிய அலுமினியத் துண்டுதான் ஹீட் சிங்க். ஒட்டினால் பயன் உண்டா? கணக்குப் போட்டுப் பார்ப்போமே.

ஒரு நினைவுச் சில்லின் மேற்பரப்பு சுமார் 1.7 ச.செ.மீ. அது 2 வாட் வெப்பம் வெளியிடுவதாகக் கொள்வோம். அசையாத காற்று, ஒரு சதுர மீட்டரிலிருந்து ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 10 வாட்தான் எடுத்துச் செல்லும். சில்லு காற்றைவிட 60 டிகிரி சூடாக இருந்தாலும் அதன் முதுகு வழியே போவது 0.1 வாட்! மீதியெல்லாம் அடியிலுள்ள பற்றாசு உருண்டைகள் வழியே சுற்றுப் பலகைக்குள் இறங்குகிறது.

15 ச.செ.மீ. பரப்புள்ள ஹீட் சிங்கை ஒட்டினால் 0.9 வாட் போகும். விசிறிக் காற்றும் பட்டால் இது ஐந்து மடங்காகலாம். சில்லு வெளியிடுவதே 2 வாட்தானே? ஆகவே வெப்பநிலை நன்றாக இறங்கும்.

ஆனால் ஒட்டுவதில்தான் சூட்சுமம். இடையே 0.1 மி.மீ. காற்று நின்றால், 2 வாட் அதைக் கடக்க 45 டிகிரி வேறுபாடு தேவை. அதே இடத்தை நல்ல வெப்பப் பசை நிரப்பினால் கால் டிகிரி போதும்.

சூட்டால் நினைவு தடுமாறுவது ஏன்? ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கிறது, அது கசியும். சூடு ஏறினால் கசிவும் ஏறும். டி.டி.ஆர்.4 நினைவகத்தை 64 மில்லி விநாடிக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். 85 டிகிரியைத் தாண்டினால் 32 மில்லி விநாடிக்கு ஒருமுறை.

2020-இல் வந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3090 நல்ல உதாரணம். அதன் 24 சில்லுகளில் 12 கார்டின் பின்புறத்தில், விசிறிக் காற்று எட்டாத இடத்தில் இருந்தன. கடும் வேலையின்போது நினைவகம் 100 டிகிரியைத் தாண்டியது. பலர் பின்தகட்டின்மீது ஹீட் சிங்கும் விசிறியும் வைத்தனர். 2022-இல் வந்த 3090 டி.ஐ.யில், இரு மடங்கு கொள்ளளவுள்ள 12 சில்லுகளும் முன்புறத்துக்கே வந்துவிட்டன.

உங்கள் கார்டின் நினைவகம் 70 டிகிரியிலேயே புள்ளிகளைக் காட்டுகிறதா? அப்படியானால் கோளாறு வேறெங்கோ; ஹீட் சிங்க் அதைத் தீர்க்காது. ஒட்டுவதானால் உறுதியாக ஒட்டுங்கள். சூட்டில் பசை இளகி, அலுமினியத் துண்டு ஓடும் சுற்றின்மீது விழுந்தால், மின்குறுக்கு ஏற்பட்டு கார்டே போய்விடும்.