அம்மா எங்கே? ஏறக்குறைய 27 ஆண்டுகள் காக்க வைத்த டெக்கென் ஜுன் கஸாமா!

சண்டை கேம் என்றதும் நினைவுக்கு வருவது முறுக்கேறிய உடம்பு, முறைக்கும் கண்கள், பறந்து பறந்து விழும் உதைகள்தான். ஆனால் டெக்கென் ரசிகர்கள் அதிகம் தேடிய ஒரு ஆள், அந்தக் கேமின் பெரும்பாலான பாகங்களில் கதைக்குள் வரவே இல்லை. அவர் பெயர் ஜுன் கஸாமா. வராமல் இருந்தே இவ்வளவு பேச வைத்தவர்!

டெக்கென் ஆடாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. இது அடிப்படையில் ஒரு குடும்பச் சண்டை. ஹெய்ஹாச்சி மிஷிமா என்ற அப்பா, 5 வயது மகன் கஸுயாவை மலை உச்சியில் இருந்து தூக்கி வீசுகிறார். உயிர் பிழைத்து வளர்ந்த மகன், அதே உச்சியில் இருந்து அப்பாவை வீசுகிறான். இப்படிப் பழிக்குப் பழி என்று ஓடும் வீட்டுக்குள்தான் ஜுன் வருகிறார்.

கைது செய்ய வந்த அதிகாரி

1995-ல் வந்த டெக்கென் 2-வில்தான் ஜுன் அறிமுகம். அப்போது அவர் யாருக்கும் அம்மா இல்லை, காதலியும் இல்லை. வனவிலங்குகளைப் பாதுகாக்கும் அமைப்பு ஒன்றின் அதிகாரி. அழிந்துவரும் விலங்குகளைக் கடத்தும் கஸுயாவைக் கைது செய்யத்தான் போட்டிக்குள் நுழைகிறார்.

ஆனால், கைது செய்ய வந்த இடத்தில் கஸுயாவிடம் மனம் போகிறது. ஜுன் கர்ப்பமாகிறார். கஸுயாவுக்குள் குடியிருந்த பிசாசு, வயிற்றில் இருக்கும் குழந்தையையும் பிடிக்க வருகிறது. அதை ஒற்றை ஆளாக எதிர்த்து விரட்டுகிறார் ஜுன். மிஷிமா குடும்பத்து ஆண்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பிசாசோடு நேருக்கு நேர் மோதி ஜெயித்தவர் இவர்தான்.

எரிந்துபோன வீடு

பிறகு மகன் ஜின்னோடு யாகுஷிமாவுக்குப் போய்விடுகிறார். இது ஜப்பானின் தெற்கில் உண்மையிலேயே இருக்கும் தீவு. ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிய தேவதாரு மரங்கள் நிற்கும் இந்தத் தீவு, 1993-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. காட்டையும் விலங்கையும் நேசித்த ஒரு பெண் மகனை வளர்க்க இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

மகனுக்கு வயது 15 ஆகும்போது, ஓகர் என்ற பயங்கர சக்தி தேடி வருகிறது. ஆபத்து வருவதை முன்பே உணர்ந்த ஜுன், ‘எனக்கு ஏதாவது ஆனால் தாத்தாவிடம் போய்விடு’ என்று மகனிடம் சொல்லி வைத்திருக்கிறார். தாக்குதலுக்குப் பிறகு ஜின் பார்த்தது சாம்பலாகிக் கிடந்த வீட்டை மட்டும்தான். அம்மாவைக் காணவில்லை. உடலும் இல்லை.

1997-ல் வந்த டெக்கென் 3 இங்கேதான் தொடங்குகிறது. ரசிகர்களின் கேள்வியும்தான். ஜுன் இறந்துவிட்டாரா, இல்லையா?

வராமலே தடுத்தவர்

நம்பிப் போன தாத்தாவோ, வேலை முடிந்ததும் பேரனையே சுடுகிறார். டெக்கென் 4-ன் முடிவில் ஜின்னுக்குப் பழிவாங்க வாய்ப்பு கிடைக்கிறது. தாத்தா கீழே கிடக்கிறார், ஜின்னின் கை ஓங்குகிறது. அந்த நொடியில் அம்மாவின் உருவம் கண்ணில் தெரிகிறது. கை நின்றுவிடுகிறது. உயிர் தப்பியதற்கு என் அம்மாவுக்கு நன்றி சொல் என்ற அர்த்தத்தில் பேசிவிட்டுப் பறந்து போகிறான்.

மொத்தக் கதையிலும் அடிக்காமல் ஜெயித்த இடம் இது. ஓங்கிய கையை நிறுத்தியது ஒரு நினைவு மட்டும்தான்.

யார் அந்த மர்மப் பெண்?

1999-ல் வந்த டெக்கென் டேக் டோர்னமென்ட்டில் கடைசியாக மோத வேண்டிய எதிரி ஒரு பெண். உடம்பெல்லாம் கரிய ஊதா நிறக் குழம்பு, பின்னால் ஓநாய் உருவில் ஒரு ஆவி. சண்டைக்கு நடுவிலேயே பாணியை மாற்றி மாற்றி அடிப்பார். பெயரே ‘அன்நோன்’, அதாவது அறியப்படாதவர்! முகம் மட்டும் ஜுன் சாயலில் இருந்ததால் ரசிகர்கள் பரபரத்தார்கள். 2011-ல் வந்த இரண்டாவது டேக் கேமில் ஜுன்னே அன்நோனாக மாறுவதைக் காட்டினார்கள். ஆனால் இந்த இரண்டு கேம்களும் மூலக்கதையில் சேராதவை. ஆக, நிஜக் கதையில் கேள்வி அப்படியே நின்றது.

தன்னையே கொடுத்து அடிக்கிறார்

2024 ஜனவரி 26-ல் டெக்கென் 8 வெளியானது. மூலக்கதையின் வரிசையில், டெக்கென் 2-வுக்குப் பிறகு ஜுன்னை மீண்டும் ஆடக் கிடைத்தது இதில்தான்.

அவரை ஆடிப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் உடனே புரிந்திருக்கும். ஜுன்னின் சில அடிகளைப் போட்டால் எதிராளியின் உயிர்க்கோடு மட்டுமல்ல, அவருடைய உயிர்க்கோடும் குறையும். கொஞ்ச நேரமே கிடைக்கும் ‘ஹீட்’ நிலையில் இழந்த உயிரைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. அதுவரை ஒவ்வொரு பெரிய அடிக்கும் ஒரு விலை. மகனுக்காகத் தன்னைப் பணயம் வைத்தவரின் கதையை, வசனமே இல்லாமல் ஆட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள்!

ஒரு வருத்தமும் உண்டு. கடத்தல்காரனைப் பிடிக்கத் தனியாகக் கிளம்பி வந்த அதிகாரியை, டெக்கென் பல ஆண்டுகள் ‘ஜின்னின் அம்மா’ என்ற ஒரு நினைவாக மட்டுமே வைத்திருந்தது. மகன் கலங்க வேண்டும் என்றால் அம்மா முகம் வரும், அவ்வளவுதான். சினிமாவில் மாலை போட்ட போட்டோவில் மட்டும் வரும் அம்மாக்களைப் போல.

அதனால்தான் டெக்கென் 8-ல் ஜுன் களத்தில் நின்றதை ரசிகர்கள் அப்படிக் கொண்டாடினார்கள். இந்த முறை அவர் யாருடைய நினைவிலும் இல்லை. கன்ட்ரோலர் உங்கள் கையில், எதிராளி முன்னால், ஜுன் சண்டைக்குத் தயார்.