பஸ்சில் பாட்டு கேட்கும் இளவட்டங்களே... காது பத்திரம்!

இளையராஜாவா, ரகுமானா, அனிருத்தா என்று கேட்டால் இளவட்டங்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒரே கட்சி. பக்கத்து சீட்காரர் செல்போனில் சத்தமாக வீடியோ ஓட்டுவது, காதைக் கிழிக்கும் ஏர் ஹாரன், தியேட்டரில் படம் ஓடும்போது போன் பேசுவது... மூன்றுமே செம கடுப்பு!

பஸ் இரைச்சலுக்கு அவர்கள் கண்டுபிடித்த வழி, ஹெட்செட். மாட்டிக்கொண்டு சத்தத்தை முழுசாக ஏற்றி விடுகிறார்கள். வினையே அங்குதான். இரைச்சலை அமுக்க வேண்டுமானால் பாட்டு அதைவிட சத்தமாக ஓட வேண்டுமே!

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். அதுவே 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம்தான். திங்கட்கிழமை முதல் தினமும் ஒரு மணி நேரம் கேட்டால், வியாழக்கிழமையே கோட்டா காலி!

உள்காதில் முடி போன்ற நுண்ணிய செல்கள் இருக்கின்றன. சத்தத்தை மூளைக்கு அனுப்புவது இவைதான். ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது. காதுக்குள் ‘ங்கொய்’ என்று இரைச்சல், பேச்சு தெளிவாக கேட்காதது ஆகியவை அறிகுறிகள். உடனே காது டாக்டரை பார்க்க வேண்டும்.

என்ன செய்யலாம்? சத்தத்தை 60 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். நடுநடுவே காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

காதைக் கிழிக்கும் ஹாரனுக்கு 1989-ம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளிலேயே தடை இருக்கிறது. டிரைவர் அண்ணன்கள் மனசு வைக்கணும். பக்கத்து சீட்காரரே, நீங்களும்தான்!