ஸ்பீக்கரை மாத்தறதுக்கு முன்னாடி இடத்தை மாத்திப் பாருங்க

வாரக் கடைசியில ஒரு பழைய கச்சேரியைப் போட்டுட்டு, பிள்ளைங்க பக்கத்துல வந்து உட்காருவாங்களான்னு ஓரக்கண்ணால பார்க்கிறவங்க நம்மில் நிறைய பேர். ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு எழுந்து போயிடுவாங்க. "போர் அடிக்குது"ன்னு சொன்னா அது வேற கதை. "பாடறது சரியா கேக்கல, டம் டம்முனுதான் கேக்குது"ன்னு சொன்னா மட்டும் கொஞ்சம் காது கொடுங்க. அவங்க சொல்றது உண்மையா இருக்கலாம். பாட்டுல குறை இல்லை, ஸ்பீக்கர்லயும் அநேகமா குறை இல்லை. அதை வச்சிருக்கிற இடத்துலதான் பிரச்சினை.

நம்ம வீடுகள்ல சின்ன ஸ்பீக்கருக்கு இடம் யார் முடிவு பண்றாங்க? டிவி கன்சோல்தான். ஒண்ணு டிவிக்கு இடப்பக்கம், இன்னொண்ணு அறை மூலையில, ரெண்டுமே சுவரை ஒட்டி. நவராத்திரி வந்தா கொலுப்படிக்கு வழிவிட்டு இன்னும் ஓரமா ஒதுங்கிடும். அப்புறம் சத்தம் சரியில்லன்னு அடுத்த மாடலுக்கு விலை பார்க்க ஆரம்பிப்போம்.

இந்த அலமாரி ஸ்பீக்கர் பிறந்ததே அமெரிக்காவுலதான். எட்கர் வில்ச்சரும் ஹென்றி கிளாஸும் 1954ல மாசசூசெட்ஸ் மாநிலத்து கேம்பிரிட்ஜ்ல அக்கூஸ்டிக் ரிசர்ச்னு ஒரு நிறுவனம் தொடங்கினாங்க. அதுவரைக்கும் நல்ல பேஸ் வேணும்னா பீரோ அளவுக்குப் பெட்டி வேணும். இவங்க பெட்டியைக் காத்துப் புகாம மூடி, உள்ளே இருக்கிற காத்தையே ஸ்பிரிங் மாதிரி பயன்படுத்தி, சின்னப் பெட்டியிலயே ஆழமான பேஸைக் கொண்டு வந்துட்டாங்க. பெட்டி சின்னதானதும் அது சுவர் ஓரத்துக்கும் அலமாரிக்கும் போயிடுச்சு, கூடவே புதுப் பிரச்சினையும் வந்துது. அதே நிறுவனத்துல வேலை பார்த்த ராய் அலிசன், பக்கத்துல இருக்கிற சுவரும் தரையும் வூஃபரோட சத்தத்தை எப்படி மாத்துதுன்னு 1974ல ஒரு ஆய்வுக் கட்டுரையில காட்டினார்.

விஷயம் இதுதான். தாழ்ந்த சத்தம் ஸ்பீக்கருக்கு முன்னாடி மட்டும் போறதில்ல, எல்லாப் பக்கமும் பரவும். பின்சுவர்ல பட்டுத் திரும்பி வர்ற அலை, நேரா உங்ககிட்ட வர்ற அலையோட சேரும். வூஃபருக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற தூரம் ஒரு அலைநீளத்துல கால் பங்குன்னா, திரும்பி வர்றது அரை அலை தாமதமா வந்து நேரா வந்ததை அமுக்கிடும்.

சத்தம் நொடிக்கு சுமார் 1,130 அடி போகும். ஒரு கட்டை சுருதியில பாடற ஆண் பாடகரோட மத்திம ஸ்தாயி ஸட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். கணக்குப் போட்டா, வூஃபர் சுவர்ல இருந்து 26 அங்குலத்துல இருந்தா அடி வாங்குறது அந்த ஸட்ஜம்தான். ஐந்து கட்டையில பாடற பெண் குரலுக்கு அது 196 ஹெர்ட்ஸ், தூரம் 17 அங்குலம். டிவி கன்சோல் மேல வைக்கிற ஸ்பீக்கரோட முன்பக்கம் பெரும்பாலும் இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் எங்கேயோ நிக்குது! ஸ்வரம் காணாமப் போகாது, மேல் ஒத்திசைகள் காப்பாத்திடும். ஆனா குரலோட உடம்பு போயிடும், மெலிஞ்சு கேட்கும். சுருதி பிடிக்கக் கத்துக்கிற பிள்ளைக்கு நிக்க வேண்டிய தரையே அதுதானே?

எங்க வச்சாலும் ஏதாவது ஒரு இடத்துல அடி விழத்தான் செய்யும். எங்க விழணும்னு தேர்ந்தெடுக்கிறதுதான் நம்ம வேலை. இடம் இருந்தா நாலு அடி முன்னாடி இழுங்க. பள்ளம் 70 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, குரல் தப்பிச்சிடும். இடம் இல்லைன்னா அரைகுறையா நிறுத்தாம நல்லா சுவரோட ஒட்டி வச்சு, கூடுற பேஸை ஆம்ப்ளிஃபையர்ல குறைச்சுடுங்க. பின்பக்கம் ஓட்டை இருக்கிற ஸ்பீக்கருக்கு மட்டும் கையேட்டுல சொன்ன இடைவெளியை விடணும். பின்சுவர், பக்கச் சுவர், தரை மூணும் வூஃபருக்கு ஒரே தூரத்துல இருந்தா மூணு பள்ளமும் ஒரே இடத்துல விழும். அலிசன் முக்கியமா எச்சரிச்சது இதைத்தான்.

மூலை இன்னொரு தொல்லை. அங்க மூணு பரப்பும் சேர்ந்து பேஸை ஏத்திவிடும். மிருதங்கத்துல வலந்தலைக் கரும்பூச்சு மேல் ஒத்திசைகளை எப்படி ஒழுங்குபடுத்துதுன்னு சி.வி. ராமன் 1920லேயே எழுதினார். அந்த நுணுக்கம் எல்லாம் தொப்பியோட கும்கி அறையில வீங்கி நின்னா அதுக்குள்ள மூழ்கிடும். தனி ஆவர்த்தனம் முழுக்கக் குடத்தைத் தட்டற மாதிரிதான் கேட்கும்.

இடம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு ஸ்பீக்கரைத் தூக்கி சோபாவுல, உங்க தலை இருக்கிற இடத்துல வைங்க. இளையராஜாவோட எண்பதுகள் பாட்டு ஒண்ணு, பேஸ் கிட்டார் நல்லா ஏறி இறங்கறதா பார்த்துப் போடுங்க. அப்புறம் ஸ்பீக்கர் வைக்க முடியற இடங்கள்ல எல்லாம் தவழ்ந்து போய்க் கேளுங்க. ஒரு ஸ்வரம் மட்டும் உறுமி இன்னொண்ணு மறைஞ்சுபோனா அந்த இடம் வேண்டாம். எல்லா ஸ்வரமும் ஏறக்குறைய சமமா வர்ற இடத்துல டேப் ஒட்டிடுங்க. ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம்தான். கோட்ல பக் தேடறவங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்ல.

வீட்டுக்கு வீடு வாசப்படி. டெக்ஸஸ் வீடுகள்ல ஹால் ஒரு பக்கம் சமையலறையோட திறந்திருக்கும், ஒரு ஸ்பீக்கருக்குத்தான் பக்கச் சுவர். முடிஞ்சா ரெண்டையும் நீளமான சுவருக்கு மாத்தி, பக்கச் சுவர்ல இருந்து தள்ளி வைங்க. நியூ ஜெர்சி பேஸ்மென்ட்ல கான்கிரீட் சுவர் பேஸை விழுங்காது. மெல்லிய ட்ரைவால் கொஞ்சம் அசைஞ்சு விழுங்கும், கான்கிரீட் அப்படியே திருப்பி அனுப்பும். ஏழு அடி கூரைன்னா 80 ஹெர்ட்ஸ் பக்கத்துல அறையே சேர்ந்து பாடும். பே ஏரியா டவுன்ஹவுஸ்ல பொதுச் சுவரை ஒட்டி மட்டும் வைக்காதீங்க, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொப்பி மட்டும் ஓசியில கேட்கும்.

ஊர்ல இருந்து வந்த பவானி ஜமக்காளத்தை விரிச்சா சரியாகிடுமான்னு கேட்பாங்க. உட்கார நல்லா இருக்கும். அந்த மெல்லிசுக்கு உயர்ந்த சத்தத்தோட பளபளப்புதான் கொஞ்சம் அடங்கும், பேஸை அது தொடவே தொடாது.

கடைசியா உயரம். ட்வீட்டர் காதுக்கு நேரா இருக்கணும்னு எல்லாரும் சொல்வாங்க. யாரோட காதுக்கு? சோபாவுல நம்ம காது மூணு அடிக்கு மேல, தரையில சம்மணம் போட்டு உட்கார்ற ஏழு வயசுப் பிள்ளைக்கு ரெண்டடி இருந்தாலே அதிகம். ஸ்பீக்கருக்கு அடியில பின்பக்கமா ஒரு ரப்பர் துண்டை வச்சு லேசா முன்னாடி சாய்ச்சா, கீழே உட்கார்றவங்களுக்குத் தெளிவு வரும். தவழற குழந்தை இருக்கிற வீட்டுல மட்டும் சாய்க்காதீங்க, ஸ்டாண்டும் வேண்டாம். சுவர்ல பிராக்கெட் போட்டு மாட்டி, ஒயரைக் கைக்கு எட்டாம கட்டிடுங்க.